டிவில கேட்ட பாட்டு ஆல்பத்துல ஏன் வேற மாதிரி இருக்கு?

நீங்க கேட்டிருக்கறது இதுதான்: தொண்ணூறுகள்ல சேனல் வில மடோனாவோட எக்ஸ்பிரஸ் யுவர்செல்ஃப் வீடியோவ நூறு தடவ பாத்திருக்கீங்க, இப்போ ஆப்ல லைக் எ பிரேயர் ஆல்பத்தத் திறந்து அதே பாட்டப் போட்டா குரல் அதேதான், ஆனா பின்னாடி ஓடுறது எதுவுமே ஞாபகத்துல இருக்கற மாதிரி இல்ல, ஃப்ரெண்டு "ரெண்டும் ஒண்ணுதான், உனக்குத்தான் மறந்துபோச்சு"ங்கறார். சிங்கிள் மிக்ஸ், ஆல்பம் மிக்ஸ், வீடியோ மிக்ஸ்னு பிரிச்சுப் பேசறாங்களே அதெல்லாம் என்ன, இதுல எது ஒரிஜினல்னு முடிச்சிருக்கீங்க. எனக்கென்னவோ அடியில இருக்கற கேள்வி "என் காத நான் நம்பலாமா"ங்கறதுதான்னு தோணுது. தாராளமா நம்பலாம். ஃப்ரெண்டுகிட்ட ஒரு டீ வாங்கிக்கோங்க.

அந்தப் பாட்டு விஷயத்துல சந்தேகமே இல்ல. 1989ல ஆல்பம் வந்தப்போ அதுல இருந்தது மடோனாவும் ஸ்டீஃபன் ப்ரேயும் சேந்து தயாரிச்சது, பிராஸ் வாத்தியமெல்லாம் முன்னாடி நிக்கும், எழுபதுகளோட ஃபங்க் பேண்டு மாதிரி ஒரு சத்தம். அத சிங்கிளா, அதாவது தனிப் பாட்டா, விடறப்போ ஷெப் பெட்டிபோன்ங்கற நியூயார்க் ரீமிக்ஸர்கிட்ட குடுத்தாங்க, அவர் குரல வெச்சுக்கிட்டு கீழ இருந்த வாத்தியத்த பெரும்பாலும் கழட்டிட்டு டிரம் மெஷின், கீபோர்டுன்னு கிளப்புக்கு ஏத்த மாதிரி அஸ்திவாரத்துலேர்ந்து கட்டுனார். டேவிட் ஃபின்ச்சர் எடுத்த வீடியோல ஓடுறது இந்த பெட்டிபோன் வெர்ஷன்தான். 1990ல வந்த இமாக்குலேட் கலெக்ஷன் தொகுப்புலயும் ஆல்பம் வெர்ஷன் கிடையாது. ஆக டிவில பாத்தவங்களுக்கும் தொகுப்பு கேசட் வாங்குனவங்களுக்கும் ஒரு பாட்டு, ஆல்பம் வாங்குனவங்களுக்கு வேற பாட்டு. உங்க ஃப்ரெண்டு ஆல்பம் கேசட் இருந்த வீட்டுப் பிள்ளையா இருக்கணும்.

நான் இருபது வருஷத்துக்கு மேல சவுண்டு வேலைல இருக்கேன், முதல்ல ஒரு எஃப்எம்ல பாட்ட வெட்டி ஒட்டற வேலை, அப்புறம் ஸ்டுடியோல மிக்ஸிங். இந்த அனுபவத்துல சொல்றேன், இந்த விஷயத்துல பாதிக் குழப்பம் எதனாலன்னா ஜனங்க "மிக்ஸ்"னு ஒரே வார்த்தைய நாலு வேற வேற வேலைக்குச் சொல்றாங்க. இருக்கற பாட்ட வெட்டிச் சின்னதாக்குனா அது எடிட், சத்தத்தோட பேலன்ஸ் மாறாது, நீளம்தான் மாறும். தனித்தனி டிராக்கா இருக்கற குரல், டிரம்ஸ், பேஸ், கிடார் இதெல்லாம் எது எவ்வளவு, எது இடது எது வலது, எதுக்கு எவ்வளவு எக்கோன்னு மறுபடி முடிவு பண்ணுனா அதுதான் மிக்ஸ். முடிஞ்ச மிக்ஸ எடுத்து மொத்தமா கொஞ்சம் சத்தம் ஏத்தி பளிச்சுன்னு ஆக்குறது மாஸ்டரிங். மறுபடி ஸ்டுடியோக்குப் போய் பாடி வாசிச்சா அது வேற ரெக்கார்டிங், அத மிக்ஸுன்னே சொல்லக்கூடாது. கச்சேரிய நெனச்சுக்கோங்க, வித்வான் ஒருத்தர்தான், வாசிப்பும் ஒண்ணுதான், ஆனா சபாக்குள்ள மைக்செட் ஆள் வெச்ச பேலன்ஸும் அதே கச்சேரிய ரேடியோக்காரங்க எடுத்த பேலன்ஸும் ஒண்ணா இருக்காது இல்லையா, ரேடியோல மிருதங்கம் உள்ள போயிருக்கும், சபால தம்புராவே கேட்டிருக்காது. அதுதான் மிக்ஸ் வித்தியாசம். ரேடியோல தனி ஆவர்த்தனத்த வெட்டிட்டான்னா அது எடிட்.

மிக்ஸ்ங்கறது எவ்வளவு தூரம் போகும்னு புரிஞ்சுக்க பீட்டில்ஸோட லெட் இட் பி மாதிரி இன்னொரு பாட்டு கிடையாது. சிங்கிள் 1970 மார்ச்ல வந்துச்சு, ஆல்பம் மே மாசம். ரெண்டுக்கும் அடிப்படை ஒரே டேக்தான், 1969 ஜனவரி கடைசில வாசிச்சது. அதுக்கு மேல ஜார்ஜ் ஹாரிசன் ரெண்டு தடவ தனித்தனியா கிடார் சோலோ வாசிச்சு வெச்சிருந்தார், ஒண்ணு 1969 ஏப்ரல்ல, இன்னொண்ணு 1970 ஜனவரில, ரெண்டுமே டேப்ல இருக்கு. சிங்கிளுக்கு அவங்க தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் பக்கத்து ஆளுங்க முதல் சோலோவ எடுத்துக்கிட்டாங்க, அது கொஞ்சம் அடக்கமா, மெதுவா உருண்டு வரும். ஆல்பத்துக்கு ஃபில் ஸ்பெக்டர்ங்கற இன்னொரு தயாரிப்பாளர் கைக்கு டேப் போனதும் அவர் ரெண்டாவது சோலோவத் திறந்துவிட்டார், அது கரகரன்னு கடிக்கிற மாதிரி இருக்கும், கூடவே பிராஸ் வாத்தியத்தையும் தூக்கி வெச்சுட்டார். ஒரே டேப், ஒரே பாட்டு, ஃபேடர், அதாவது ஒவ்வொரு டிராக்கோட சத்தத்த ஏத்தி எறக்கற பிடி, எது மேல எது கீழங்கறது மட்டும் வேற, ஆனா ஒண்ணு கோயில்ல கேக்கற மாதிரியும் இன்னொண்ணு மேடைல கேக்கற மாதிரியும் இருக்கு. எனக்கு சிங்கிள்தான் பிடிக்கும், என்கூட வேலை பாத்த ஒருத்தர் ஆல்பம்தான் பாட்டுன்னு பத்து வருஷமா சண்டை போடறார், ரெண்டு பேரும் திருந்தல.

சரி, எதுக்கு சிங்கிளுக்குன்னு தனியா மெனக்கெட்டாங்க? முதல் காரணம் தட்டு. 7 இன்ச் தட்டு, நிமிஷத்துக்கு 45 சுத்து, 1949ல ஆர்சிஏ விக்டர் கொண்டு வந்தது. அதுல பள்ளம் எவ்வளவு அகலமா ஆடுதோ அவ்வளவு சத்தமும் பேஸும் கிடைக்கும், ஆனா அகலமா ஆடுனா இடம் சீக்கிரம் தீந்துரும். அதனால மூணு, நாலு நிமிஷத்துக்குள்ள இருந்தா தட்டு நல்லா சத்தமா பேசும், அதுக்கு மேல போனா சத்தத்தக் குறைச்சுத்தான் ஏத்தணும். பீட்டில்ஸோட ஹே ஜூட் 7 நிமிஷத்துக்கு மேல, ஒரே பக்கத்துல அடக்கிட்டாங்க. டான் மெக்லீனோட அமெரிக்கன் பை 8 நிமிஷத்துக்கு மேல, அத ரெண்டாப் பிச்சு தட்டோட ரெண்டு பக்கத்துலயும் போட்டாங்க, பாதிப் பாட்டுல எந்திரிச்சுத் திருப்பிப் போடணும். டோர்ஸோட லைட் மை ஃபயர் ஆல்பத்துல 7 நிமிஷத்துக்கு மேல, நடுவுல ஆர்கனும் கிடாரும் மாறி மாறி நீளமா போகும், சிங்கிள்ல அந்த நடுப்பகுதிய கிட்டத்தட்ட மொத்தமாத் தூக்கிட்டு 3 நிமிஷத்துக்குள்ள கொண்டு வந்துட்டாங்க, 1967ல அமெரிக்கால நம்பர் 1 ஆனது இந்த வெட்டுன வெர்ஷன்தான். இதுல இன்னொரு கூத்து, ஆல்பம் தட்டு கொஞ்சம் மெதுவா, 3 சதவீதத்துக்கு மேலயே, ஸ்ருதி எறங்கி ஓடுது, சிங்கிள்தான் சரியான வேகம், நாப்பது வருஷம் கழிச்சு மறுபடி வெளியிடறப்போதான் ஆல்பத்தத் திருத்துனாங்க. அதுவரைக்கும் தட்டோட சேந்து கிடார் வாசிச்சுக் கத்துக்கிட்ட பசங்க எல்லாம் கம்பிய எறக்கிக்கிட்டு இருந்திருப்பாங்க பாவம்.

வெட்டறது கேவலமான வேலை இல்லன்னும் சொல்லிடறேன், நான் பண்ணுன வேலைங்கறதால கொஞ்சம் ரோஷம். டேப் காலத்துல பிளேடு வெச்சு சாய்வா வெட்டி ஒட்டுவாங்க, நேரா வெட்டுனா டப்புன்னு ஒரு சத்தம் வரும், சாய்ச்சா ஒண்ணுலேர்ந்து இன்னொண்ணுக்கு வழுக்கிட்டுப் போகும். நான் கம்ப்யூட்டர்ல பண்ணுனேன், ஆனா காது வேலை அதேதான், தாளம் எங்க விழுது, எக்கோவோட வால் அடுத்த துண்டுல ஒட்டிக்கிட்டு நிக்குதா, பாடகர் மூச்சு இழுக்குறது பாதில அறுந்துபோச்சான்னு பாக்கணும். ஒரு தடவ நேரம் பத்தலன்னு ஒரு பாட்டோட ரெண்டாவது இன்டர்லூட்ல நாலு பார் (தாளச் சுத்து) எடுத்துட்டேன், அழகா ஒட்டிருச்சு, யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சேன், ஒளிபரப்பு ஆன பத்தாவது நிமிஷம் ஒரு பெரியவர் ஃபோன் போட்டு "தம்பி, புல்லாங்குழல் எங்க?"ன்னு கேட்டார்.

ரெண்டாவது காரணம் ரேடியோ. அறுபதுகள்ல சிங்கிள்ங்கறது கார்ல இருக்கற ஒத்தை ஸ்பீக்கர்ல, மோனோல, ஏஎம் ரேடியோல கேக்கற சரக்கு. அதனால குரல் முன்னாடி வரணும், டிரம்ஸ் அடி தெரியணும், ரொம்ப நுணுக்கமா எதையாவது வெச்சா இரைச்சல்ல காணாமப் போயிரும். இப்பவும் ஸ்டுடியோல லட்ச ரூபா ஸ்பீக்கர் பக்கத்துலயே ஒரு சின்ன டப்பா ஸ்பீக்கர் வெச்சிருப்போம், கடைசில அதுலதான் போட்டுப் பாப்போம். அப்போ ஸ்டீரியோவ சும்மா மோனோவா சேத்துட்டா ஆகாதான்னு கேப்பீங்க. சேக்கலாம், ஆனா சேக்கும்போது நடுவுல இருக்கற சத்தம், அதாவது குரலும் பேஸும், ஓரத்துல இருக்கறத விட 3 டெசிபல் மாதிரி தூக்கிக்கிட்டு வந்துரும், பேலன்ஸ் கெடும். அதான் மோனோவுக்குன்னு தனியா உக்காந்தாங்க. பீட்டில்ஸ் சார்ஜென்ட் பெப்பர் வரைக்கும் மோனோ மிக்ஸுக்குத்தான் பக்கத்துலயே உக்காந்திருந்தாங்க, ஸ்டீரியோவ இன்ஜினியருங்க கொஞ்ச நேரத்துல முடிச்சாங்க. விளைவு, அந்த ஆல்பத்துல ஷீஸ் லீவிங் ஹோம் பாட்டு மோனோல வேகமா, அரை ஸ்ருதி மேல இருக்கும், ஸ்டீரியோல மெதுவா, சோகமா இழுக்கும். ஸ்டீரியோவக் கேட்டு வளந்தவங்களுக்கு மோனோவப் போட்டுக் காட்டுனா மோட்டார் கெட்டுப்போச்சும்பாங்க.

மூணாவது காரணம் வாய். ரேடியோல சொல்லக்கூடாத வார்த்தை. கிங்க்ஸோட லோலா 1970ல வந்தப்போ வரில கோகா-கோலான்னு பாடியிருந்தாங்க, பிபிசில விளம்பரம் கூடாதுங்கற விதி, அதனால ரே டேவிஸ் அமெரிக்கா டூர்ல இருந்து லண்டனுக்குப் பறந்து வந்து அந்த ஒரு இடத்த செர்ரி கோலான்னு மாத்திப் பாடிட்டுப் போனார். சிங்கிள்ல செர்ரி, ஆல்பத்துல கோகா. ஒரு வார்த்தைக்கு அட்லாண்டிக்கத் தாண்டி வந்திருக்கார், நாங்க பீப் சத்தம் போட்டு முடிச்சிருப்போம். ரேடியோஹெட்டோட க்ரீப்ல இருக்கற கெட்ட வார்த்தைக்குப் பதிலா வேற வார்த்தை போட்டு ரேடியோவுக்குத் தனி வெர்ஷன் இருக்கு, எந்த ஸ்டேஷன் கேட்டு வளந்தீங்களோ அதான் உங்க க்ரீப்.

எழுபதுகள் நடுவுல 12 இன்ச் சிங்கிள் வந்ததும் கதை தலைகீழாச்சு. டாம் மோல்டன்ங்கறவர் டிஸ்கோவுக்காகப் பாட்ட நீட்டிக்கிட்டு இருந்தார், ஒரு நாள் சோதனைத் தட்டு வெட்டப் போனப்போ 7 இன்ச் வெத்துத் தட்டு தீந்துபோச்சு, பெரிய தட்டுலயே வெட்டுனாங்க, பள்ளத்துக்கு இடம் தாராளமா கிடைச்சதும் சத்தம் வேற லெவலுக்குப் போச்சு, அங்கேர்ந்து கிளம்புனதுதான். அதுவரைக்கும் சிங்கிள்னா ஆல்பத்தோட சுருக்கம், இப்போ சிங்கிள் ஆல்பத்த விட நீளம். நியூ ஆர்டரோட ப்ளூ மண்டே 1983ல 7 நிமிஷத்துக்கு மேல, 12 இன்ச்லயே பொறந்த பாட்டு.

இங்கேர்ந்துதான் ரீமிக்ஸே அசல முழுங்குன கதையெல்லாம் வருது. சுசேன் வேகாவோட டாம்ஸ் டைனர் 1987 ஆல்பத்துல வெறும் குரல், ஒரு வாத்தியம் கிடையாது, 1990ல டிஎன்ஏன்னு ரெண்டு பேர் அனுமதி கேக்காம பீட் வெச்சு விட்டாங்க, கேஸ் போடறதுக்குப் பதிலா கம்பெனி அதையே வாங்கி வெளியிட்டுச்சு, உலகம் முழுக்க ஓடுச்சு. நம்ம ஊர்ப் பக்கம் கொஞ்சம் ஒட்டுற உதாரணம் கார்னர்ஷாப்போட ப்ரிம்ஃபுல் ஆஃப் ஆஷா. பாட்டுல வர்ற ஆஷா நம்ம ஆஷா போஸ்லேதான், பாட்டுல வர்ற 45ம் மேல சொன்ன 45 சுத்துத் தட்டுதான். 1997ல அசல் சிங்கிள் வந்து பிரிட்டன்ல 60வது இடத்துல நின்னுருச்சு, நார்மன் குக், அதான் ஃபேட்பாய் ஸ்லிம், அத வேகமாக்கி, ஸ்ருதியும் மேல ஏறி, டிரம்ஸ் ஏத்திக் குடுத்தார், 1998 பிப்ரவரில நம்பர் 1. பெரும்பாலான பேருக்குத் தெரிஞ்சது அதுதான், ஆல்பத்துல இருக்கறத போட்டா "ஏன் இவ்வளவு தூங்கி வழியுது"ம்பாங்க. எனக்கு அந்தத் தூங்கி வழியறதுதான் பிடிக்கும், திண்ணைல உக்காந்து பாடற மாதிரி இருக்கும். இதுக்கெல்லாம் மூதாதை சைமன் அண்ட் கார்ஃபங்கல். சவுண்ட் ஆஃப் சைலன்ஸ 1964ல வெறும் அகூஸ்டிக் கிடாரோட பதிவு பண்ணாங்க, ஆல்பம் ஓடல, ரெண்டு பேரும் பிரிஞ்சு போயாச்சு, 1965ல டாம் வில்சன்ங்கற தயாரிப்பாளர் அவங்களுக்குச் சொல்லாமலே அதே டேப் மேல எலக்ட்ரிக் கிடார், பேஸ், டிரம்ஸ் ஏத்தி விட்டார், 1966 ஜனவரில நம்பர் 1. பாடுனவனுக்கே தெரியாம ஹிட்டு!

இனி வீடியோ. "வீடியோ மிக்ஸ்"னு தனி வகை ஒண்ணு எல்லாப் பாட்டுக்கும் இருக்குன்னு நெனச்சுக்காதீங்க. பெரும்பாலும் வீடியோல இருக்கறது சிங்கிளோட சத்தம்தான், அப்படியேவோ இன்னும் கொஞ்சம் வெட்டியோ, அதுக்கு மேல காலடிச் சத்தம், கதவுச் சத்தம், வசனம். ஆனா சிலது உண்மையிலேயே வேற. மைக்கேல் ஜாக்சனோட த்ரில்லர் ஆல்பத்துல 6 நிமிஷம், 1983ல ஜான் லாண்டிஸ் எடுத்த படம் 14 நிமிஷத்துக்குக் கிட்ட, அதுல பாட்டோட அமைப்பையே பிரிச்சு மேஞ்சுட்டாங்க. ரோட்டுல நடந்துக்கிட்டே சரணமா பாடிக்கிட்டு வருவார், பல்லவி வராது, அப்புறம் நடிகர் வின்சென்ட் பிரைஸ் குரல், பேய் எல்லாம் எந்திரிச்சு டான்ஸ் ஆட ஆரம்பிச்சப்புறம்தான் பல்லவியே வரும். பல்லவிய இவ்வளவு நேரம் ஒளிச்சு வெக்க ரேடியோக்கு தைரியம் இருக்காது, கூட படம் ஓடுனதால முடிஞ்சுது. யூ2வோட எலிவேஷன் இன்னொரு ரகம், 2000 ஆல்பத்துல ஒரு மாதிரி, 2001ல டூம் ரைடர் படத்துக்காக கிடார் ஏத்துன மிக்ஸ்தான் வீடியோலயும் சிங்கிள்லயும் இருக்கு.

டிவில கேட்டது சம்பந்தமா இன்னொரு விஷயம், இது நம்ம சினிமாப் பாட்டுக்குத்தான் அதிகம் பொருந்தும். ஃபிலிம் வினாடிக்கு 24 ஃப்ரேம், நம்ம ஊர் பழைய டிவி முறை, பேரு PAL, 25. ஃபிலிம அப்படியே ஓட்டி டிவிக்கு மாத்துனா 4 சதவீதம் வேகமா ஓடும், ஸ்ருதியும் அரை ஸ்வரத்துக்குக் கொஞ்சம் குறைவா ஏறிரும். கேசட்ல கேட்ட பாட்டு டிவில படத்தோட வரும்போது பாடகர் கொஞ்சம் சின்னப் பையன் மாதிரி தெரிஞ்சிருந்தா அதுக்குப் பேரு மிக்ஸ் இல்ல, இதுதான் காரணமா இருந்திருக்க வாய்ப்பு அதிகம். ஆனா எக்ஸ்பிரஸ் யுவர்செல்ஃப்க்கு இதச் சொல்லித் தப்பிக்க முடியாது, வாத்தியமே வேற, வேகத்த மாத்துனா டிரம் மெஷின் வராது.

அப்புறம் ஆல்பம் வெர்ஷன்னா ஒண்ணே ஒண்ணுன்னும் நம்பாதீங்க. மைக்கேல் ஜாக்சனோட பேட் ஆல்பத்துல முதல்ல வந்த பிரதிகள்ல ஐ ஜஸ்ட் கான்ட் ஸ்டாப் லவ்விங் யூ ஆரம்பத்துல அவர் மெதுவாப் பேசுவார், பின்னாடி வந்த பிரதிகள்ல அந்தப் பேச்சு இல்ல, அட்டை அதே அட்டை. தொகுப்பு ஆல்பம் இன்னும் மோசம். இமாக்குலேட் கலெக்ஷன்ல பழைய பாட்டையெல்லாம் க்யூசவுண்டுங்கற முறைல, ரெண்டு ஸ்பீக்கர்லயே சுத்திலும் கேக்கற மாதிரி, திரும்ப மிக்ஸ் பண்ணுனாங்க. கேட் புஷ் 1986 தொகுப்புக்காக வுதரிங் ஹைட்ஸ் பாட்டோட குரலையே புதுசா பாடி வெச்சார். "கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்" வாங்குனா ரேடியோல கேட்டது கிடைச்சிரும்னு வாங்குனவங்க நிறைய பேர் ஏமாந்திருக்காங்க, நானும்தான்.

வீட்டுல நீங்களே சோதிச்சுப் பாக்க ஒரு வழி இருக்கு. ஆடாசிட்டின்னு இலவச சாஃப்ட்வேர், ரெண்டு வெர்ஷனையும் உள்ள போட்டு, துவக்கம் துல்லியமா ஒண்ணா வர்ற மாதிரி நகத்தி, சத்தத்த சமமாக்கி, ஒண்ண மட்டும் இன்வர்ட் பண்ணி, அதாவது ஒலி அலைய தலைகீழாக்கி, ரெண்டையும் சேத்து ஓட்டுங்க. ரெண்டும் ஒரே மிக்ஸ், ஒரே மாஸ்டர்னா ஒண்ண ஒண்ணு அடிச்சுக்கிட்டு கிட்டத்தட்ட அமைதியாயிரும். கொஞ்ச நேரம் அமைதியா இருந்துட்டு திடீர்னு முழுச் சத்தமும் வெடிச்சா அந்த இடத்துல வெட்டியிருக்காங்கன்னு அர்த்தம். குரல் மட்டும் மறைஞ்சு வாத்தியம் நின்னா ரீமிக்ஸ். இதுல உறுதியா சொல்லக்கூடியது ஒரு பக்கம்தான்: அமைதியாச்சுன்னா ஒண்ணுதான்னு அடிச்சுச் சொல்லலாம், அமைதி ஆகலன்னா வேறதான்னு சொல்ல முடியாது. தட்டுலேர்ந்தோ கேசட்லேர்ந்தோ எடுத்ததுன்னா வேகம் லேசா ஆடும், அதுவே போதும் ஒட்டாம போக. எம்பி3 ஆக்குனதுல எப்பவும் கொஞ்சம் கரகரப்பு மிஞ்சும். அதே மாதிரி வெறும் காத வெச்சு "இது புது மிக்ஸ், அது புது மாஸ்டர்"னு பிரிக்கறதுல நானும் தப்புப் பண்ணியிருக்கேன், ஏன்னா பேஸையும் பளபளப்பையும் தூக்குனா முன்னாடி கேக்காத டம்போரின் திடீர்னு கேக்கும், யாரோ புதுசா சேத்த மாதிரியே இருக்கும். எதாவது ஒரு வாத்தியம் இடதுலேர்ந்து வலதுக்குப் போயிருந்தா, இல்ல ஒரு வாத்தியம் மட்டும் சத்தம் ஏறி மத்தது அப்படியே இருந்தா, அப்போ தைரியமா மிக்ஸுன்னு சொல்வேன்.

"ரீமாஸ்டர்ட்"னு ஆப்ல பேருக்குப் பின்னாடி போட்டிருக்கறதையும் வேதவாக்கா எடுத்துக்காதீங்க. ஒவ்வொரு வெர்ஷனுக்கும் ஐஎஸ்ஆர்சின்னு 12 எழுத்துல தனி அடையாள எண் இருக்கணும்ங்கறது முறை, ஆனா அத உள்ளிடறது மனுஷன்தானே, ஆல்பம் பக்கத்துல சிங்கிள் எடிட்டும், சிங்கிள் பக்கத்துல ஆல்பம் டிராக்கும் மாறி உக்காந்திருக்கறத நான் பல தடவ பாத்திருக்கேன். பாட்டோட நீளத்தப் பாருங்க, அது அவ்வளவா பொய் சொல்லாது.

எது ஒரிஜினல்னு கேட்டீங்க. முதல்ல மிக்ஸ் ஆனதுதான் ஒரிஜினல்னா உங்க பாட்டுக்கு ஆல்பம்தான். ஹிட் ஆனது எதுன்னா சிங்கிள்தான், டிவிலயும் கிளப்புலயும் ஜனங்க ஆடுனது அதுக்குத்தான். லெட் இட் பில சிங்கிள் முதல்ல, ஆல்பம் பின்னாடி. சவுண்ட் ஆஃப் சைலன்ஸ்ல முதல்ல வந்தத யாரும் வாங்கல. அதனால "ஒரிஜினல்"ங்கற வார்த்தைய நான் ஸ்டுடியோலயே சொல்றதில்ல, எந்த வருஷத்து, எந்தத் தட்டுல இருந்ததுன்னு கேப்பேன்.

உங்களுக்கு வேண்டியத தேடறதா இருந்தா பாட்டுப் பேரோட ஷெப் பெட்டிபோன் பேரையும், 7 இன்ச்னும் சேத்துப் போட்டுப் பாருங்க. வந்தத ஓட்டி முதல் நிமிஷம் கவனிங்க, பிராஸ் பேண்டு மாதிரி கேட்டா அது ஃப்ரெண்டோடது, மெஷின் டிரம்ஸ் அடிச்சா உங்களோடது. ஃபின்ச்சர் எடுத்த அந்த வீடியோவ ஃப்ரெண்டு ஃபோன்லயே போட்டுக் காட்டிட்டு அப்புறம் டீயக் கேளுங்க.